நிக்கு என்று சொன்ன கை

மக்களே,

உன் போட்டோ கண்காட்சி அழைப்பிதழ் மூணு நாளைக்கு முன்னாடியே தபால்ல வந்துச்சு. நேத்து சாயங்காலம் நீ போன் பண்ணி, "அம்மா, கிட்டிச்சா? எப்படி இருக்கு?"ன்னு கேட்டே. "கிட்டிச்சு, அடுப்புல பால் வச்சிருக்கேன்"னு சொல்லி வச்சுட்டேன். அடுப்புல பாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாயைத் திறந்தா கத்திடுவேன்னு பயந்துதான் வச்சேன். போன்ல உன்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்? நான் ரெண்டு வார்த்தை சொல்றதுக்குள்ள, "அம்மா, இதெல்லாம் உனக்குப் புரியாது, இது வேற ஃபீல்டு"ன்னு சொல்லிடுவே. அதான் எழுதுறேன். கடுதாசிக்கு நடுவுல புகுந்து பேச முடியாதுல்லா. முழுசும் படி. படிச்சு முடிச்சு உனக்குக் கோபம் வந்தா வரட்டும். எனக்கு வந்து ரெண்டு வாரம் ஆச்சு.

விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன். அந்த அட்டையில இருக்கிறதும், ஞாயிற்றுக்கிழமை ஹால் வாசல்ல ஆள் உயரத்துக்கு நிக்கப்போறதும் நம்ம பிலோமினாவோட படம். நம்ம தெருவுக்கு மீன் கொண்டு வர்ற பிலோமினா. அதை அங்க இருந்து நீ எடுக்கணும். எடுக்க முடியாதுன்னா அதுக்குக் கீழ எழுதியிருக்கிற வரியையாவது மாத்தணும். 'உலகத்திடம் கையேந்தும் ஒரு தாய்.' யாருடே எழுதினது அதை? நீ எழுதலேன்னு சொல்லுவே, பரிசு கொடுத்தவங்க எழுதினாங்கன்னு சொல்லுவே. சரி. அவங்களுக்கு அந்தக் கை புரியாது. உனக்குமா புரியல?

பிலோமினாவைப் பத்தி உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்ல. ஆனா நீ மறந்துட்டேன்னு தோணுது, அதனால சொல்றேன். நீ இடுப்புல இருக்கிற காலத்துலருந்து அவ நம்ம வாசலுக்கு வர்றா. தலையில அலுமினியச் சருவம், கஞ்சி போட்டு விறைப்பா நிக்கிற சேலை, முகத்துல பவுடர், கொண்டையைச் சுத்திப் பூ. மீன் விக்க வந்தவளா, கல்யாணத்துக்கு வந்தவளான்னு அப்பா கேலி பண்ணுவாங்க. சருவத்தை நடையில இறக்கி வச்சதும் எங்க சண்டை ஆரம்பிக்கும். அவ ஒரு விலை சொல்லுவா, நான் நெஞ்சுல கை வச்சுக்குவேன். நான் ஒரு விலை சொல்லுவேன், அவ மாதாவைக் கூப்பிடுவா. நான் விடாம செவுளைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டினா, உடனே அவ வலது கை மேல வரும். உள்ளங்கை என்னைப் பார்த்து, அஞ்சு விரலும் விரிஞ்சு. "நிக்கு, நிக்கு!" நிக்குன்னா இங்க மலையாளத்துல என்னன்னு வெளியூர்க்காரனுக்குத்தான் சொல்லணும். பொறு, அவசரப்படாதே, நான் இன்னும் முடிக்கலன்னு அர்த்தம். நம்ம வீட்டுத் தமிழ்லயே அந்த வார்த்தை வந்து உட்கார்ந்துடுச்சு. சின்னப் புள்ளையில நீ சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு, நான் இன்னொரு உருண்டை உருட்டுறப்போ அதே மாதிரி கையைத் தூக்கி "நிக்கு"ன்னு சொல்லுவே. அவளைப் பார்த்துப் படிச்சதுதான் அது. "சேச்சிக்கு மீன் வேண்டா, வழக்கு மதி"ன்னு அவ என்னைச் சொல்லுவா. அதாவது எனக்குச் சண்டை போட்டாலே வயிறு நிறைஞ்சுடுமாம். பொய்யும் இல்ல.

அவ வீட்டைக் கடல் கொண்டுபோன விஷயம் தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. முந்தின மழைக்கே போயிருக்கு. கடப்புறத்துல இன்னும் எத்தனையோ குடும்பத்தோட, மூட்டை அடுக்குற ஒரு பழைய குடோன்ல, கயித்துல சேலையைத் திரையாக் கட்டிக்கிட்டு அவளும் மகளும் கிடந்திருக்காங்க. அங்க எழுந்து, அங்க குளிச்சு, அங்க அந்தக் கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி நம்ம வாசல்ல வந்து என்கிட்டச் சண்டை போட்டுட்டுப் போயிருக்கா. எங்கிட்ட சொல்லலையேன்னு எனக்கு முதல்ல வருத்தமா இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், அவ எதுக்குச் சொல்லணும்? அது அவ இஷ்டம். சொல்லாம இருக்கிறதுக்கு அவ பட்ட பாடு எத்தனை! அந்தப் பாட்டை எல்லாம் நீ ஒரு பட்டனை அழுத்திக் காலி பண்ணிட்டே.

உனக்குப் பரிசு கிடைச்ச செய்தி நம்ம தெரு வாட்ஸ்அப் குழுவுலதான் முதல்ல வந்துச்சு. 'நம்ம ஸ்ரீவராகத்துப் பையன்'னு நம்ம ஏரியா பேரைப் போட்டு, கீழ படம். பூங்கொத்து, கைதட்டல், இதயம்னு வந்து குவிஞ்சுச்சு. எனக்கும் ஒரு நிமிஷம் பெருமைதான், இல்லேங்கல. அப்புறம் படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். வெளுத்துப்போன நைட்டி, தோள்ல துண்டு, ஈரத் தலை விரிஞ்சு கிடக்கு, பின்னால ஒழுகின தண்ணி தேங்கி நிக்குது. கை மட்டும் முன்னால நீண்டு வருது. பவுடர் இல்லாத அந்த முகத்தை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல. கையைப் பார்த்துதான் அவள்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. எனக்குத் தெரிஞ்சா தெருவுக்குத் தெரியாதா? பத்து நிமிஷத்துல எதிர்வீட்டு சரோஜம் மதினி, "அய்யோ, இது நம்ம பிலோமினால்லா! பாவம்!"னு எழுதியாச்சு. அன்னையிலருந்து அவ பேரு 'பாவம் பிலோமினா'. அது வரைக்கும் 'வாயாடி பிலோமினா'.

மறுநாள் காலையில அவ வந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. சரோஜம் மதினி வாசல்ல சருவத்தை இறக்கி, அயிலை மீனுக்கு வேணும்னே கூட்டி ஒரு விலை சொன்னா, வழக்கமா சொல்ற மாதிரி. மதினி ஒரு ரூபா குறைச்சுக் கேக்கல. சொன்ன விலைக்கு மேலயே ஒரு நோட்டைக் கொடுத்துட்டு, "மிச்சத்தை வச்சுக்கோ மோளே"ன்னா. மதினியாக்கும்! கொத்தமல்லித் தழைக்கு மல்லுக்கட்டுற மதினி! அடுத்த வீட்டுலயும் பேரம் இல்ல. அதுக்கடுத்த வீட்டுலருந்து பழைய சேலை ஒரு கட்டு வெளிய வந்துச்சு. பிலோமினா என் வாசலுக்கு வந்து, "எந்தா சேச்சி, இன்னு ஆரும் வழக்கு பிடிக்கல? ஆரெங்கிலும் செத்தோ?"ன்னு கேட்டா. யாராவது செத்துட்டாங்களா, ஏன் யாரும் சண்டை பிடிக்கலேன்னு கேக்குறா. நானும் அன்னைக்குப் பேரம் பேசாமதான் வாங்கினேன்.

கோடி வீட்டுப் பொண்ணு இருக்காளே, நல்லது பண்றேன்னு நினைச்சு, போனைக் கொண்டு வந்து அவகிட்ட காட்டிட்டா. பிலோமினா பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. வழக்கமா சருவத்தைத் தலையில தூக்கிவிட நான் ஒரு கை கொடுப்பேன். அன்னைக்கு நான் குனியறதுக்குள்ள அவளே தூக்கிக்கிட்டா. பாதி மீன் விக்காம கிடந்துச்சு. சேலைக் கட்டை நடையிலயே வச்சுட்டுப் போனா. அதுக்கப்புறம் அவ இந்தத் தெருவுக்கு வரல. ரெண்டு வாரமா வேற எவனோ ஸ்கூட்டர்ல பெட்டி வச்சு மீன் கொண்டு வர்றான். ஒரே விலை, பேச்சே கிடையாது. எனக்கு அந்த மீன் இறங்கவே மாட்டேங்குது.

நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். "உண்மையைத்தானே அம்மா எடுத்தேன்"னு சொல்லுவே. உண்மைதான், அவ குடோன்ல இருக்கிறது உண்மை. அவ ராணி மாதிரி சேலை கட்டுறதும் உண்மை. இத்தனை வருஷமா ஒருத்தர்கிட்டயும் சும்மா ஒண்ணும் வாங்காம உழைச்சுத் தின்னதும் உண்மை. இதுல எந்த உண்மை படத்துல நல்லா விழும்னு நீதானே தேர்ந்தெடுத்தே? அப்புறம், "படம் வந்தாதான் உதவி வரும்"னு சொல்லுவே. அதையும் மறைக்காம எழுதுறேன். உன் படம் வந்த பிறகு அதிகாரிங்க குடோனுக்கு வந்திருக்காங்க. ரெண்டு ஃபேன் மாட்டிக் கொடுத்திருக்காங்க. வந்தவங்களும் வரிசையா நின்னு போட்டோ எடுத்துட்டுத்தான் போயிருக்காங்க. ஒழுகுற கூரை இன்னும் ஒழுகுது.

உனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கா? அந்தப் பெருமழையில ஓடை நிரம்பி நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சே. நீ காலேஜ் படிச்சுக்கிட்டிருந்தே. நான் நைட்டியை முழங்கால் வரைக்கும் தூக்கிச் சொருகிக்கிட்டு, பக்கெட்டால தண்ணி இறைச்சுக்கிட்டிருந்தேன். அப்பா சாமி படங்களை அலமாரி மேல ஏத்திக்கிட்டிருந்தாங்க. கேட் பக்கம் பேப்பர்காரன் ஒருத்தன், முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு என்னைப் பார்த்து காமிராவைத் தூக்கினான். நீ மாடிப்படியிலருந்து குதிச்சு ஓடி, கேட்டுக்கு முன்னால கையை விரிச்சு நின்னே. "எந்தா சேட்டா, வீட்டில் அம்மையில்லே?"ன்னு நீ போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டுச்சு. அவன் காமிராவை இறக்கிட்டு, 'சாரி'ன்னு சொல்லிப் போனான். அன்னைக்கு எனக்கு உன்னை நினைச்சு எவ்வளவு நிறைவா இருந்துச்சு தெரியுமா? அக்கம்பக்கத்துல எல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். இப்போ அதே கேள்வியை நான் உன்கிட்ட கேட்கவும் முடியாது. வீட்டுல அம்மா இருக்கா. அதான் உக்கார்ந்து எழுதிக்கிட்டிருக்கா.

முந்தாநாள் நான் பிலோமினாவைத் தேடிப் போனேன். அப்பா வேண்டாம்னாங்க, "நீ போனா அவளுக்கு இன்னும் சங்கடம்"னாங்க. கேக்கல. கிழக்கேகோட்டையில இறங்கி, அங்கருந்து ஆட்டோ பிடிச்சு, கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். அவ குடோன் வாசல்ல சருவத்தைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தா. என்னைப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா. "எப்படி இருக்கே பிலோமினா"ன்னேன். "வீட்டுப்பக்கம் வரலியே"ன்னேன். கடலைப் பார்த்துக்கிட்டு இருக்கா. எனக்கும் பொறுமை போச்சு. "கடைசியா நீ கொடுத்த அயிலை நாறிப் போயிருந்துச்சு, பூனைக்குத்தான் போட்டேன்"னு சொன்னேன். சுத்தப் பொய். அவ்வளவுதான், எழுந்துட்டா! "என்றெ மீனோ? என்றெ மீன் நாறியோ?"ன்னு சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு வந்து என் மூஞ்சிக்கு நேரா நின்னு திட்டினா பாரு, குடோன்ல இருந்த சனம் முழுக்க வெளிய வந்து பார்த்துச்சு. நான் சிரிச்சுட்டேன். அவளும் சிரிச்சா. அப்புறம் ரெண்டு பேரும் கொஞ்சம் அழுதோம்.

அப்புறம்தான் அன்னைக்கு நடந்ததைச் சொன்னா. நீ கூட்டாளிங்களோட உள்ள வந்தப்போ அவ தலை முழுகிட்டு, நைட்டியோட நின்னுக்கிட்டிருந்தாளாம். உன்னைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கலியாம். நம்ம ஸ்ரீவராகத்து மோன், சின்னதுல பார்த்த பிள்ளை, இத்தனை பெரிய காமிராவோட வந்திருக்கான்னு பக்கத்துல நின்னவங்ககிட்ட எல்லாம் சொன்னாளாம். நீ காமிராவைத் தூக்கினே. அவ கையைத் தூக்கி, "நிக்கு மக்களே, ஞான் சாரி மாறீட்டு வராம்"னு சொல்லியிருக்கா. பொறு, சேலை மாத்திட்டு வந்துடுறேன்னு. உன்னை 'மக்களே'ன்னு கூப்பிட்டுச் சொல்லியிருக்காடே! நான் கூப்பிடுற மாதிரி! உள்ள போய், பெட்டியைத் திறந்து, ஈஸ்டருக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டி, பவுடர் போட்டு, ஈரத் தலையை அள்ளி முடிஞ்சு அவ வெளிய வந்தப்போ நீ அந்தப் பக்கம் வேற ஒருத்தரை எடுத்துக்கிட்டிருந்தே. அவ வந்து முன்னால நின்னா. நீ திரும்பிப் பார்த்து, "மதி ஆண்டி, கிட்டி"ன்னு சொன்னியாமே. போதும், கிடைச்சுடுச்சுன்னு. நீலச் சேலையோட அவ கொஞ்ச நேரம் அங்கயே நின்னாளாம், நீ ஒரு வேளை திரும்பி வருவியோன்னு.

ஒரு கிளிக் உனக்கு. ஒண்ணே ஒண்ணு கூட எடுத்திருக்கலாம்லா? பரிசுக்கு எதை வேணும்னாலும் அனுப்பு, அவ முன்னால ஒரு தடவை காமிராவைத் தூக்கியிருக்கலாம்லா? ஃபிலிம் காலத்துலயா இருக்கே நீ? இதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவே மாட்டேங்குது.

படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு அவ என்கிட்ட கேட்டா. நான் மழுப்பிப் பார்த்தேன், விடல. அழைப்பிதழை எடுத்து, இங்கிலீஷைப் படிச்சு அவளுக்கு மலையாளத்துல சொன்னேன். அவ கொஞ்ச நேரம் தன்னோட கையையே பார்த்துக்கிட்டிருந்தா. அப்புறம் உள்ளங்கையை மேல பார்க்கக் குவிச்சு என் முன்னால நீட்டி, "இங்ஙனெ அல்லே சேச்சி, கை நீட்டுன்னது?"ன்னு கேட்டா. பிச்சை கேக்குறவங்க இப்படித்தானே நீட்டுவாங்கன்னு. பிறகு கையைத் திருப்பி, விரலை விரிச்சு, "இது நிக்கு அல்லே?"ன்னா. "இங்கிலீஷ்காரங்களுக்குத் தெரியாது பிலோமினா"ன்னேன். "மோனுக்கு அறியாமல்லோ"ன்னா. உனக்குத் தெரியுமேன்னு கேக்குறா. திட்டக்கூட இல்ல. அவ திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

ஒண்ணு நல்லாக் கேட்டுக்கோ. படமே எடுக்கக் கூடாதுன்னு அவ சொல்லல, நானும் சொல்லல. "ஞான் வேண்டான்னு பறஞ்ஞில்லல்லோ"ன்னுதான் அவ திரும்பத் திரும்பச் சொல்றா. கூரை ஒழுகுறதை எடு, அவளே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேங்கிறா. சேலைத் திரையை எடு, ராத்திரி எலி ஓடுற மூலையை எடு, கடல் தின்ன வீட்டோட மிச்சப் படிக்கட்டை எடு. அவளையும் அதுக்கு முன்னால நிறுத்தி எடு, நீலச் சேலையில. அப்படி எடுத்தா அதைப் பார்க்கிறவனுக்கு, இவ்வளவு கெத்தான ஒரு பொம்பளையை ஏன் இந்தக் குடோன்ல போட்டு வச்சிருக்காங்கன்னு கேக்கத் தோணும். உன் படத்தைப் பார்த்தா பழைய சேலை கொடுக்கத்தான் தோணுது. கொடுத்துட்டாங்கல்லா, நம்ம தெருவுலயே.

இன்னொண்ணும் எனக்குள்ள கிடந்து அரிக்குது. அடுத்த மாசம் நீ வேற எங்கயோ பறக்கப் போறே. வெள்ளம் வந்த நாடுன்னு சொன்னே, அதுக்கு முன்னால பஞ்சம் வந்த நாட்டுக்குப் போனே, பூகம்பம் வந்த இடத்துக்குப் போனே. அங்க எடுத்த படமெல்லாம் உன் ரூம் சுவர்ல இருக்கு, நான்தான் தூசி தட்டுறேன். நேத்து தட்டுறப்போ ஒவ்வொண்ணா நின்னு பார்த்தேன். எத்தனை கை! குழந்தையை மறைக்கிற கை, முகத்துக்கு முன்னால வர்ற கை, உன்னைப் பார்த்து நீண்ட கை. இங்க உனக்குப் பாஷை தெரியும். சொன்னது உன்னை இடுப்புல தூக்கி வச்சிருந்த பொம்பளை. அப்படியும் நீ நிக்கல. பாஷை தெரியாத ஊர்ல அந்தக் கையெல்லாம் உன்கிட்ட என்ன சொல்லிச்சுன்னு யாருடே எழுதினாங்க? எவ எவ சேலை மாத்தப் போயிருந்தாளோ, திரும்பி வந்து பார்த்தப்போ நீ ஜீப்ல ஏறிப் போயிருந்தியோ, யாருக்குத் தெரியும்? நான் தூசி தட்டுற துணியை அப்படியே போட்டுட்டு வந்துட்டேன். இனிமே அந்த ரூமை நீயே தூசி தட்டிக்கோ.

உன் வேலையை விடுன்னு நான் சொல்லல. நல்ல வேலைதான். பேப்பர்காரன்கிட்ட கத்தின பையன் இந்த வேலைக்குப் போறான்னதும், சரியான ஆள்தான் போறான்னு நான் நினைச்சேன். அந்தப் பையன் எங்க போனான்னுதான் கேக்குறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு. போர்டை மாத்துறது உன் கையில. அச்சாயிடுச்சு, ஸ்பான்சர் ஒத்துக்க மாட்டாங்க, கூட்டாளிங்க ஒத்துக்க மாட்டாங்கன்னு எனக்கு விளக்கம் சொல்லாதே. எனக்கு அதெல்லாம் புரியாதுன்னு நீதானே சொல்லுவே.

நீ மாத்தினாலும் சரி, மாத்தலேன்னாலும் சரி, நான் திறப்பு விழாவுக்கு வர்றேன். அப்பாவும் வர்றாங்க. பிலோமினாவைக் கூப்பிட்டேன். வருவாளோன்னு எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. அவ, ஹால் எத்தனை மணிக்குத் திறக்கும்னு கேட்டா. அந்தப் போர்டு பக்கத்துல வாசல்ல நின்னுக்கிட்டு, வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் கையைத் தூக்கிக் காட்டி, அது என்ன சொல்லிச்சுன்னு அவளே சொல்லப் போறாளாம். இங்கிலீஷ்ல கேக்குறவங்களுக்கு நான் பக்கத்துல நின்னு சொல்லணுமாம். சரின்னுட்டேன்.

முன்கூட்டியே உனக்குச் சொல்லி வைக்கிறேன், அவளை நீ அடையாளம் தெரியாம விட்டுடக் கூடாதுல்லா. சேலை மாத்திட்டுத்தான் வருவா.

அம்மா